பிரேக் பிடிக்காத சாம்சன்

ஓட்டுகிற இடத்தைத் தவிர வேறு எங்கே உட்கார்ந்தாலும் சாம்சனின் வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பான்; முன்னால் போகிற லாரி கொஞ்சம் ஒதுங்கினால் போதும், செருப்போடு தரையை ஒரு அழுத்து அழுத்துவான். ஷேர் ஆட்டோவிலும் அப்படித்தான். சபையில் போதகர் பிரசங்கத்தின் கடைசியில் வேகம் எடுக்கும்போது பெஞ்சுக்கடியில் அந்தக் கால் மெல்ல இறங்கும். அவனுடைய தங்கை சுகிர்தா ஆறாம் வகுப்பிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். அவன் வேன் ஓட்டப் போன வருஷம் அது.

"இன்னாண்ணா, காலு?" என்று கேட்பாள்.

"எங்க?"

"இப்ப அழுத்துனியே."

"நான் ஒண்ணும் அழுத்தல. சும்மா வா."

பொய் சொல்கிறவனின் முகமாக இருக்காது அது. அவனுக்கு உண்மையாகவே தெரியாது. போகப்போக அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் சுகிர்தாதான். அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் கழனியில் உழைத்தவர்கள். சாம்சன் பத்தாவதோடு படிப்பை விட்டு, சில வருஷம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். பொன்னேரியில் பி.காம். முடித்த சுகிர்தா பயோடேட்டாவை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேட் கேட்டாக நின்று பார்த்தாள். கடைசியில் வேலை வாங்கிக் கொடுத்தது படிப்பு இல்லை. அண்ணன் தன் முதலாளி வீரராகவனிடம் ஒரு வார்த்தை சொன்னான், கிடைத்துவிட்டது. தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிவர வேன் விடுகிற கான்ட்ராக்டர் அவர். எந்த வண்டி, எந்த டிரைவர், எத்தனை ட்ரிப் என்று ஷீட் எழுதுவது அவள் வேலை. ட்ரிப் என்ற சொல்லை எழுதி எழுதிக் கை மரத்துப்போகும். அதே சொல் தன்னைப் பிடித்து ஆட்டும் என்று அவள் நினைக்கவில்லை.

2006 மழைக்காலத்தில் ஒரு காலை. ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த சாம்சனின் வேன் ஏரிக்கரை வளைவில் வழுக்கியது. பின்பக்கம் மட்டும் தனியாகக் கழன்று போவதுபோல வீசியது. வண்டி அரை வட்டம் சுற்றிப் புளியமரத்தில் பக்கவாட்டில் மோதி நின்றது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த முத்தம்மாளுக்குத்தான் இடுப்பெலும்பு முறிந்தது. தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறவள், ஐம்பது வயது இருக்கும்.

கம்பெனி நடத்திய விசாரணையில் கேள்வி ஒன்றுதான். ஈர வளைவில் சாம்சன் பிரேக் பிடித்தானா, இல்லையா? பிடித்திருந்தால் தவறு அவனுடையது. பிடிக்கவில்லை என்றால் தேய்ந்துபோன டயருடையது. அதாவது டயரை மாற்றாத வீரராகவனுடையது.

"பிரேக் புடிக்கல" என்றான் சாம்சன். யார் கேட்டாலும், எப்படித் திருப்பிக் கேட்டாலும் அந்த வார்த்தையே போதும் என்பதுபோல நின்றான். பிரேக் புடிக்கல, சார். அவ்வளவுதான்.

முடிவு தெரிகிற வரைக்கும் அவன் எந்த ஸ்டியரிங்கையும் தொடக் கூடாது, ஷெட்டில் வண்டி கழுவலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. வீரராகவன் சுகிர்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு நீதான் பொறுப்பு. கம்பெனிக்காரன் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாக்கறான். வெளியில எங்கனா வண்டியத் தொட்டான்னு தெரிஞ்சிச்சு, ரெண்டு பேருமே ஊட்டுக்குப் போவ வேண்டிதுதான்."

"தொட மாட்டாரு சார்" என்றாள் சுகிர்தா. அப்போது அதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சந்தேகத்தைக் கொண்டுவந்தவன் கலியன். சாம்சனின் வேனை இப்போது ஓட்டுகிறவன் அவன்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஷீட்டில் கையெழுத்துப் போட வந்தவன் பேனாவைத் திருப்பித் தராமல் காதில் சொருகிக்கொண்டான்.

"மேடம், ஷீட்ல ஒரு வண்டி வுட்டுப்போச்சு போலக்கீதே."

"எந்த வண்டி?"

"கமால் பாய் வண்டி. உங்க அண்ணன் ஞாயித்துக்கெழமைல அங்க ட்ரிப்பு அடிச்சிக்கினு கீறாராமே. ஷீட்டு வாணாவா அதுக்கு?"

"யார் சொன்னது?"

"பாயே சொன்னாரு. டீக்கடையில என் பக்கத்துல நின்னுக்கினு. 'சாம்சன் அண்ணன் இப்ப சூப்பரா ட்ரிப்பு அடிக்குது'ன்னு. எனக்கு இன்னா, அவரு பொழப்பு அவருக்கு. ஆனா சார் காதுக்குப் போச்சுன்னா பேஜாரு."

அந்தப் பேஜாரைக் கலியனே ஏற்கெனவே செய்து முடித்திருந்தான். சாயங்காலம் வீரராகவன் கூப்பிட்டார். கமால் பழவேற்காட்டுக் குடும்பம். ஸ்டேஷன் பக்கம் அவர்களுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. கீழே கமாலின் அண்ணன் நடத்துகிற ட்ராவல்ஸ், வாசலில் இரண்டு வேன். மாடியில் கமாலின் பிரவுசிங் சென்டர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"அங்க எதுக்குப் போறான்? திங்கக்கெழம எனக்குப் பதில் வோணும்" என்றார்.

வீட்டில் சுகிர்தா கொடியிலிருந்து அண்ணன் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். டீசல் வாசனை இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. வேறு சட்டை மாற்றிக்கொள்கிறானோ? செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டில் அவன் வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான், வலிக்கிறவன்போல. ஸ்டியரிங் பிடித்தால் தோள்தான் வலிக்கும், விரல் வலிக்காதே என்று நினைத்தாள். பிறகு, அண்ணனின் சோற்றுக் கையைக்கூட இப்படி எடைபோடுகிறோமே என்று அவளுக்கே கூசியது. நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் "நான் ஒண்ணும் பண்ணல" என்பான். அந்தப் பதிலை அவள் பத்து வருஷத்துக்கு மேலாகக் கேட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. அண்ணி பிள்ளைகளோடு வீட்டுக்கு நடந்தாள். "ஒரு ஃப்ரெண்ட பாத்துட்டு வந்துடறேன்" என்று சாம்சன் ஸ்டேஷன் பக்கம் திரும்பினான். சுகிர்தா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளி நடந்தாள். கமால் கட்டடத்து வாசலில் அவன் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். தப்பு செய்கிறவன் பார்க்கிற பார்வை அது.

எதிரில் மூடியிருந்த ஜெராக்ஸ் கடை நிழலில் ஒதுங்கி நின்றாள். கீழே ஒரு வேன் உறுமிக்கொண்டிருந்தது. இதோ ஏறுவான், இதோ ஏறுவான் என்று பார்த்தாள். வேன் கிளம்பியது. ஓட்டியது வேறு யாரோ. சாம்சன் மாடிப்படியில் ஏறிப் போயிருந்தான்.

தடுப்புப் போட்ட பிரவுசிங் சென்டர்களில் ஆம்பிளைகள் என்ன பார்ப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ட்ரிப்பே அடித்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. ஏறினாள்.

கடைசித் தடுப்பில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாம்சன் உட்கார்ந்திருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் டீ கிளாஸோடு கமால். சாம்சனைவிடப் பத்து வயது சின்னவன். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஈரச் சாலையில் ஒரு சிவப்பு கார் வளைவை நோக்கிப் பாய்ந்தது.

"இப்ப ஹேண்ட் பிரேக்கு, ஒரே ஒரு தட்டு. ஆங். வாலு கெளம்பிச்சா? வாலு போற பக்கமே ஸ்டியரிங்க வுடு. அந்தப் பக்கமே. ஆக்ஸிலேட்டர வுடாத, வுடாத..." என்றான் கமால். "போச்சு."

கார் பம்பரமாகச் சுற்றிச் சுவரில் மோதியது.

"மறுபடியும் கால் பிரேக்கப் புடிச்சிட்டியேண்ணே."

"புடிக்கல பாய்."

"ட்ரிப்டு அடிக்கும்போது அதத் தொட்டா வண்டி சுத்திடும். எத்தினி தபா சொல்றது?"

"தொடவே இல்லன்றேன்."

"என்ன அடிக்கும்போது?" என்று கேட்டாள் சுகிர்தா.

சாம்சன் நாற்காலியோடு திரும்பினான். பிடிபட்ட பையன் முகம். கமால்தான் பதில் சொன்னான்.

"ட்ரிஃப்ட்டு, தங்கச்சி. வண்டிய வேணும்னே சறுக்க வுட்டு, சறுக்கிக்கினே வளைவத் தாண்டறது. அண்ணன் நல்லாத்தான் அடிக்குது. இந்த ஈர ரோட்ல மட்டும் மாட்டிக்கும். இதுக்கு நான் சோழவரம்னு நம்ம பழைய ரேஸு எடத்துப் பேர வெச்சிக்கிறேன்."

ட்ரிஃப்ட். கலியனின் காதில் ட்ரிப்பாக விழுந்தது இதுதான். நாள் முழுக்க ட்ரிப் அடிக்கிறவன் காதில் வேறு என்னவாக விழும்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொரு வாட்டி ஆடுண்ணா, பாக்கறேன்" என்றாள்.

அவன் கூச்சத்தோடு திரும்பி ஆரம்பித்தான். வலது கை நடுவிரல் மேல்நோக்கிய அம்புக்குறியில் இருந்தது, அதுதான் ஆக்ஸிலேட்டர். நீளப் பட்டனில் இடது கட்டைவிரல். அது ஹேண்ட் பிரேக். வளைவு வந்தது. கட்டைவிரல் தட்டியது. காரின் பின்பக்கம் வீசியது. அந்தக் கணத்தில் நடுவிரல் மேலிருந்து கீழ் அம்புக்குத் தாவியது. மேசைக்கடியில் வலது கால் தரையை அழுத்தியது. கார் சுற்றியது.

"பாத்தியா?" என்றான் சாம்சன். "பிரேக் புடிக்கவே இல்ல. அப்பவும் சுத்துது."

கமால் அவளைப் பார்த்தான். அவள் கமாலைப் பார்க்கவில்லை. சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கீழே வந்து டீக்கடையில் நின்றார்கள்.

"எங்களாண்ட சொல்லிட்டுப் போனா இன்னா?"

"இன்னான்னு சொல்றது? முப்பத்தாறு வயசுல கேம் ஆடப் போறேன்னா?" கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "லைசென்ஸ ஸ்கேன் பண்ணணும்னு பாய்கிட்ட வந்தேன். ஒருத்தன் இத்த ஆடிக்கினு இருந்தான். அன்னிக்கி நம்ம வண்டி வீசிச்சு பாரு, அதே மாதிரி வாலு வீசிச்சு. ஆனா அவன் வண்டி மோதல. எப்டி மோதலன்னு நின்னு பாத்தேன். அப்புறம் வராம இருக்க முடில."

"முத்தம்மாக்கா நீ பிரேக் புடிக்கலன்னுதான எழுதிக் குடுத்துருக்காங்க. அவங்க பாத்தாங்களா?"

"அது தூங்கிக்கினு இருந்துச்சு. ஆஸ்பத்திரில போய்ப் பாத்தப்ப என்னாண்ட கேட்டுச்சு. 'நைனா, புடிச்சியா இல்லியா, உள்ளத சொல்லு, நான் அப்டியே சொல்லிடறேன்'னு. புடிக்கலன்னேன். அது அப்டியே சொல்லிச்சு."

"நிஜமா புடிக்கலியா?"

"இன்னா சுகி, நீயும் கேக்கற."

அவன் கண்ணில் துளிப் பொய் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் சொல்கிறவனாக இருந்தால் என்ன செய்வது என்று தெரியும். உண்மை பேசுகிறவனின் விரலை மட்டும் நம்ப முடியாமல் போனால் என்ன செய்வது? பி.காமில் அதற்குப் பாடம் இல்லை.

திங்கட்கிழமை வீரராகவன் முன்னால் நின்றாள். கலியனும் இருந்தான்.

"ட்ரிப்பு இல்ல சார். ட்ரிஃப்ட்டு."

"அப்டின்னா?"

வாய்வரை வந்தது. வண்டியை வேண்டுமென்றே சறுக்க விடுவது, சார். வண்டி சறுக்கி விசாரணையில் நிற்கிறவன் ஞாயிறு தோறும் போய்ச் சறுக்கிப் பழகுகிறான். இதைச் சொன்னால் இவருக்கு வேறு சாட்சியே வேண்டியதில்லை.

"கம்ப்யூட்டர் கேம் சார். கார் ரேஸு" என்றாள்.

அதில் பொய் என்று எதுவும் இல்லை. வீரராகவன் அங்கேயே கமாலுக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "கொழந்த பெத்தவன் பொம்ம காரு ஓட்றானா? டேய் கலியா, காத போய்க் காட்டுடா டாக்டராண்ட." கலியன் விறைப்பாக வெளியே போனான். சுகிர்தா தன் மேசைக்கு வந்து ஷீட்டை எடுத்தாள். சொல்லாமல் விட்டது அண்ணனுக்காகவா, இந்த நாற்காலிக்காகவா என்று யோசித்தாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அன்றைக்கு முடியவில்லை. பிறகு முயற்சி செய்யவும் இல்லை.

விசாரணை முடிந்தது. டயர் வழவழவென்று தேய்ந்திருந்ததை வந்தவர்கள் தடவிப் பார்த்தார்கள். முத்தம்மாளின் வாக்குமூலமும் இருந்தது. எல்லா வேன்களுக்கும் புது டயர் போட வேண்டும் என்று உத்தரவாகி, பொங்கலுக்கு முன்னால் சாம்சனுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. சாவியைக் கொடுத்த கலியன், "சோழவரத்துல ரேஸு நின்னு எத்தினியோ வருசமாச்சு, நீ இன்னும் ஓட்டிக்கினு கீற" என்றான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் சாம்சன் ஞாயிற்றுக்கிழமைகளில் கமாலிடம் போவதை நிறுத்தவில்லை. வேலைதான் வந்துவிட்டதே, இன்னும் எதைத் தேடிப் போகிறான்? சுகிர்தாவும் சில வாரங்கள் கூடப் போனாள். காவலுக்குப் போகிறவள்போல. விரல் தாவுவதும் கார் சுற்றுவதும் நடந்துகொண்டே இருந்தது. கமால் ஒருநாள் ஒரு வேலை செய்தான். கீழ் அம்பு பட்டனைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சின்னதாகக் கசக்கிய காகிதத்தை வைத்தான். அடுத்த வளைவில் சாம்சனின் நடுவிரல் காகிதத்தில் போய்க் குத்தியது. அவன் கையைத் தூக்கி விரலையே பார்த்தான். தன்னுடையது இல்லை என்பதுபோல.

அதற்கப்புறம் அவன், "புடிக்கல" என்று சொல்லவில்லை.

பட்டனைத் திரும்பப் பொருத்தினார்கள். வெயில் ஏறிய ஒரு ஞாயிறு மத்தியானம், திரையில் மட்டும் மழை. சிவப்பு கார் வளைவுக்கு வந்தது. ஒரு தட்டு. பின்பக்கம் வீசியது. நடுவிரல் நடுங்கியது, இறங்கவில்லை. வால் போன பக்கமே முன்சக்கரம் திரும்ப, கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே, சுவரை உரசுகிற மாதிரி போய், உரசாமல், நீளமாக, குழம்பு தட்டில் சரிவதுபோல வளைவை முழுக்கச் சுற்றி நேரானது. மேசைக்கடியில் சுகிர்தா பார்த்தாள். கால் அசையவில்லை.

"அடிச்சாரு பாரு!" என்று கமால் தொடையில் தட்டினான்.

சாம்சன் சிரிக்கவில்லை. கையைப் பட்டன்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கார் தானாக ஓடி ஓடிச் சாலை நடுவில் நின்றுபோயிற்று.

"பிரேக் புடிக்காம போனா இப்டித்தான் இருக்குமா, பாய்?"

"இப்டித்தாண்ணே. வெண்ண மாதிரி."

படியிறங்கும்போது தங்கையிடம் சொன்னான். "அன்னிக்கி இப்டி இல்ல, சுகி. அன்னிக்கி சடார்னு சுத்திச்சு. எப்பவும் என் காரு சுத்துமே, அதே மாதிரி."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள்.

"முத்தம்மாகிட்ட சொல்லணும்" என்றான். "நான் சொன்னேன்னுதான் அது சொல்லிச்சு. யாராண்டயும் போய் மாத்தி எழுதணும்னு இல்ல. அதாண்ட மட்டும் சொல்லிடணும்."

"நான் சொல்லட்டுமா?"

"நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்."

முத்தம்மாள் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வேலைக்குத் திரும்பி வந்தாள். சாம்சன் அவளுக்காக வேனை ஸ்டாப்பில் நிறுத்தாமல் அவள் தெருமுனையிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். ஏற்றிவிட இறங்கி வந்து நின்றான். வேனில் முணுமுணுத்தார்கள். "இன்னா நைனா, மாப்ள அழைப்பு மாதிரி" என்று அவளே திட்டினாள். ஒவ்வொரு நாளும் இறக்கிவிடும்போது அவன் எதையோ சொல்ல வாயெடுப்பான். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், ஷிப்டுக்கு நேரமாகிவிடும்.

2008இல் கமாலின் சொந்தக்காரர் மூலம் மஸ்கட்டில் டிரைவர் வேலை வந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் முத்தம்மாள் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, முறுக்குப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். சாம்சன் அவளை நாற்காலியில் உட்கார வைத்து எதிரில் தானும் உட்கார்ந்தான்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லு, நைனா."

உள்ளே தண்ணீர் எடுக்கப் போன சுகிர்தா சொம்போடு வாசற்படியில் நின்றுவிட்டாள். சாம்சனின் வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தியது.

"மழக்காலத்துல பாத்து ஏறு எறங்கு" என்றான்.

"இத்தச் சொல்லத்தான் இம்மா நேரமா?" என்று முத்தம்மாள் சிரித்தாள். ஆனால் அவனைக் கொஞ்ச நேரம் விடாமல் பார்த்தாள். போகும்போது, "வேற இன்னாமோ வெச்சிக்கினு கீற. வந்து சொல்லு" என்றாள்.

சாம்சன் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுகிறான். அங்கே சாலைகள் நேராகவே இருக்கின்றன, மழையே இல்லை என்கிறான். முத்தம்மாக்கா கேட்டாங்க என்று சுகிர்தா சொன்னால் லைன் கொஞ்ச நேரம் வெறுமனே இரைகிறது.

முத்தம்மாள் இப்போது கலியனின் வேனில் வருகிறாள். ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து ஏறுகிறாள். சில நாள் காலையில் இறங்கியதும் ஆபீஸ் ஜன்னலில் கையை வைத்து இடுப்பைத் தாங்கி நிற்பாள்.

"சாம்சனு பேசிச்சா?"

"பேசிச்சுக்கா. நல்லாருக்காரு."

"என்னாண்ட இன்னாமோ சொல்லணும்னுச்சே. உன்னாண்டயாச்சும் சொல்லிச்சா?"

சுகிர்தா ட்ரிப் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு, "இல்லக்கா" என்பாள்.

"சரி. அது வந்தே சொல்லட்டும்" என்று முத்தம்மாள் காலை இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் போவாள்.